அண்ணனுக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு, தலைக்குச் சாயம் பூசலாமா வேண்டாமா என்று கண்ணாடி முன் யோசித்து நிற்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். நம் காலத்துக் கம்ப்யூட்டருக்கு முதுகில் தொப்பை இருக்கும். அதைத் தூக்கி மேசையில் வைக்க இரண்டு ஆள் வேண்டும். திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமமெல்லாம் எழுந்து நிற்கும். என் மகனிடம் இதைச் சொன்னால் கதை விடாதே என்கிறான்.

போன மாதம் அவனுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுத்தோம். செங்கல் கனம். மூன்று விசிறி, பச்சையும் நீலமுமாக விளக்கு. அவன் அதைப் பெட்டிக்குள் பொருத்துவதைப் பார்த்து நின்றபோது எனக்கு மூக்கு அரித்தது. தூசி ஒன்றும் இல்லை. அந்த மாதிரிப் பெட்டியைத் திறந்தாலே மிளகு நெடி வரும் என்று என் மூக்கு இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நெடியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்குக் கொல்லிமலை. சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் வீடு. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மேட்டில் மரவள்ளி. அப்பாவுக்கு அவ்வளவுதான் சொத்து. விளைந்த மிளகைச் சேந்தமங்கலத்தில் ஒரு பாய் கடைக்குத்தான் அப்பா போடுவார். பாயின் மகன் அதே கடையை ஒட்டிச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாய் தன் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிட்டார். விலையை அந்த வருட மிளகில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு.

அதை அப்பா பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். பெட்டியைச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதோடு சேர்ந்து சாய்ந்து சாய்ந்து வந்ததாக அண்ணன் சொல்லிச் சிரித்தான். அம்மா அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பிறகு தன் பழைய புடவையால் மூடினாள். யாரும் அதைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்று உத்தரவும் போட்டாள்.

அண்ணன் அப்போது ஒன்பதாம் வகுப்பு, நான் ஏழாவது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஆகையால் அந்தப் பெட்டி விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். அப்பாவே அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்.

அதில் ஒரு கார் விளையாட்டு இருந்தது. பாய் மகன் ஏற்றிக் கொடுத்தது. மூன்று ரோடு. பகலில் கடலோரமாகப் போகும் ரோடு ஒன்று, பனிமலை ஒன்று, ராத்திரியில் ஊருக்குள் ஓட்டுவது ஒன்று. அண்ணனுக்குக் கடல் ரோடு மேல் உயிர். அதில் ரோட்டுக்கு வலது கைப் பக்கம் கடைசி வரைக்கும் கடல் வரும். நாங்கள் இருவருமே கடலைப் பார்த்ததில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் கடல் என்பது விரித்துப் போட்ட நீலத் தார்ப்பாய். மரங்களுக்கு இலை கிடையாது, அட்டையில் வெட்டி நட்டது மாதிரி நிற்கும். இருந்தாலும் அவன் வாயைத் திறந்தபடி ஓட்டுவான்.

ஆளுக்கு ஒரு சுற்று என்பது எங்கள் ஒப்பந்தம். பகல் ரோட்டில் அவன் ஜெயிப்பான். ராத்திரி ரோட்டில் மட்டும் நான்தான் ஜெயிப்பேன், எப்போதும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாது. அவனோ எதிரில் நிற்கிற லாரியில் நேராகப் போய் மோதுவான். பக்கத்துச் சந்திலிருந்து வரும் வண்டி அவனுக்குத் தெரியவே தெரியாது. மோதின பிறகு திட்டுவான். திட்டு எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு.

"போர்டுலயே ஒட்டி வர்ற கிராபிக்ஸ் இது, ஒண்ணுத்துக்கும் ஆவாது. ஓரத்துல வர்ற வண்டியக் காட்ட மாட்டேங்குது. இருட்டுன்னா சுத்தமா மங்கிருது. தனியா கார்டு போட்டாத்தான் ஆச்சு."

"எனக்குத் தெரியுதே அண்ணா. அந்த லாரிக்குப் பின்னாடி செவப்பு லைட்டு கூட எரியுது."

"நல்ல கிளாரிட்டி எப்புடி இருக்கும்னு நீ பாத்திருக்கறயா? அதப் பாத்தாத்தானே புள்ள இது கம்மின்னு உனக்குத் தெரியும்."

அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். ஒரே திரை, ஒரே ரோடு, ஒரே லாரி. இவளுக்குத் தெரிவது அவனுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பொட்டப்பிள்ளை, சின்னவள், குருட்டாம்போக்கில் ஜெயிக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். இதை எழுதும்போது கூட எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மிளகு பறிப்பு தொடங்கியிருந்தது. ஒற்றை மூங்கிலில் கணுவை மட்டும் கால் வைக்கப் படியாக விட்டு வெட்டிய ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். அண்ணன் ஏறின மரத்தில் முகத்துக்கு நேரே உள்ள சரமெல்லாம் வந்திருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் பழுத்துச் சிவந்து தொங்குவது அப்படியே இருக்கும். "கடிவாளம் போட்ட குதுர மாதிரி நேராவே பாத்துட்டுப் பறிக்கறான் பாரு" என்று அப்பா அவன் விட்ட மரத்தில் திரும்ப ஏறுவார். வீட்டில் அவன் உதைத்துக் கவிழ்த்த தண்ணீர்க் குடங்களுக்குக் கணக்கில்லை. பொழுது சாய்ந்தால் ஆட்டைப் பிடித்துவரப் போக மாட்டான். நிலா காய்கிற நாளிலும் டார்ச் வேண்டும் என்பான். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். அந்தக் கருப்புக் கயிறு மணிக்கட்டில் ஆட, அவன் ராத்திரி ரோட்டில் மோதிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் நெற்றியைப் பிடித்தபடி எழுந்து வந்து, "கண்ணு வலிக்குதுப்பா, படம் தெளிவா இல்ல" என்றான். அதுவரை விளையாட்டுச் சாமானுக்குக் காசா என்று இழுத்தடித்த அப்பா, மறுநாளே எங்கள் இருவரையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பாய் மகன் பெட்டியைத் திறந்து விசிறியில் தூரிகையைப் போட்டார். மிளகுக் கடையில் வருடக்கணக்கில் ஓடின பெட்டி அல்லவா? உள்ளே இருந்ததெல்லாம் மிளகுத் தூசியும் பொக்கும். அவர் தும்மினார், அண்ணன் தும்மினான், நான் தும்மினேன், கடை வாசலில் நின்ற அப்பாவும் தும்மினார். தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்து ஒருவரை ஒருவர் பார்த்து அப்படிச் சிரித்தோம். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதற்குப் பிறகு மிகக் குறைவு.

"புதுசு வேண்டாங்க மாமா" என்றார் பாய் மகன். "புது கார்டு இந்த போர்டுல ஏறாது, அதுக்குண்டான ஸ்லாட்டே இதுல இல்ல. நாமக்கல்லுல ஒரு பிரவுசிங் சென்டர்ல எல்லாத்தையும் மாத்தறாங்க. கழிச்சுப் போடற கார்டு ஒண்ண நான் எடுத்துத் தாரேன். ரேம் ஒண்ணு என்கிட்டயே கிடக்குது, சும்மா போட்டுத் தாரேன். கரண்ட் டப்பா மட்டும் மாத்தியாவணும், இது தாங்காது."

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பெரிய மனிதன் போலத் தலையாட்டினான். அப்பா நேரே பக்கத்துக் கடைக்குப் போய், மரத்தில் மீதி இருந்த மிளகைக் கொடியோடு பாய்க்கே பேசி முடித்தார். பறித்து, கோரைப்பாயில் கொட்டிக் காய வைத்து, விலை ஏறுகிற வரை மூட்டையில் வைத்திருந்து போடுகிற ஆள் அவர். பச்சையாக விற்பவர்களைக் கிண்டல் செய்கிற ஆள்.

"ஏனுங்க அவசரம்? காயவெச்சுக் குடுத்தா உங்களுக்குத்தானுங்க லாபம்" என்று பாயே கேட்டார்.

"பையனுக்குக் கண்ணு வலிக்குதாமுங்க பாய். படம் தெளிவா இல்லாம உத்து உத்துப் பாக்கறான். கண்ணு கெட்டுப் போச்சுன்னா மிளகு வெச்சு நான் என்ன பண்றது?"

இந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். இதை நீங்களும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு வந்து, பொருத்தி, பெட்டி மறுபடி மலை ஏறியது. வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தது ஒரு மத்தியானம். வாசல் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் அப்பா, மண்வெட்டியைக் கூட கீழே வைக்காமல் நின்றார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் முதலில் எடுத்தது ராத்திரி ரோடு. ரோடு ஈரமாக இருந்தது. கடை விளக்குகளெல்லாம் அந்த ஈரத்தில் நீளமாக ஒழுகின. மரங்களுக்கு இலை வந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் எழுதியிருந்த எழுத்து வரைக்கும் தெரிந்தது. நான் "அய்யோ அண்ணா, அய்யோ அண்ணா" என்று கத்தினேன். அவன் மட்டும் கீபோர்டு சாவியில் விரலை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நகரவே இல்லை.

"எப்புடிடா சாமி இருக்குது?" என்றார் அப்பா.

அவன், "சூப்பரா இருக்குதுப்பா. எல்லாமே தெரியுது" என்றான். அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மரவள்ளிக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.

அதற்குப் பிறகும் அவன் மோதினான். ஆனால் கம்ப்யூட்டரைத் திட்டுவதை நிறுத்திவிட்டான். யோசனையும் அவனுடையதுதான். "நீ பக்கத்துல உக்காந்து சொல்லு கண்ணு, ரெண்டு பேரும் சேந்து ஓட்டலாம்" என்றான். நான் சொல்வேன். "எடதுல லாரி. சோத்தாங்கைப் பக்கம் சந்து. செவப்பு லைட்டு, பிரேக்கப் போடு." அப்படி ஓட்டி ராத்திரி ரோட்டில் ஜெயித்தோம். அந்த மாசி, பங்குனி முழுக்க எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடல் ரோட்டில் மட்டும் என்னைப் பேச வேண்டாம் என்பான். புதுக் கார்டு வந்த பிறகு தார்ப்பாய் போய் அலை வந்திருந்தது. அலை ஒவ்வொன்றும் கரைக்கு வந்து நுரையாக உடையும். நேரே மட்டும்தானே அவனுக்குத் தெரியும்? அதனால் வண்டியையே வலது பக்கம் திருப்பிக் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். மற்ற வண்டிகளெல்லாம் போய்விடும்.

பரீட்சை முடிந்த சமயம் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. அண்ணனை மட்டும் நாமக்கல்லில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவோடு நானும் போனேன். டாக்டர் அவனை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, காதுப் பக்கத்தில் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவன், "விரல் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டான். விளக்கை அணைத்தார்கள், போட்டார்கள், கண்ணில் மருந்து விட்டார்கள், மறுபடி அணைத்தார்கள். கடைசியில் டாக்டர் அப்பாவைப் பார்த்து, "சொந்தத்துல கட்டினீங்களா?" என்றார்.

"அக்கா மகதானுங்க" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் அதில் மறைக்க ஒன்றும் இல்லை. உரிமைப் பெண் இருக்கும்போது வெளியில் பெண் எடுப்பதுதான் தப்பு.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இது பிறக்கும்போதே கூட வந்தது. முதலில் இருட்டில் தெரியாது, பிறகு ஓரம் போகும், நடுவில் இருப்பது கடைசியாகப் போகும். பல வருடம் ஆகும். மருந்து இல்லை. சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில் இது வரும் வாய்ப்பு அதிகம். அப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அதில்லீங்க டாக்டர். ஊட்டுல கம்ப்யூட்டர் இருக்குதுங்க. எந்நேரமும் அதையே பாத்துட்டிருப்பானுங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க."

"நாந்தானுங்க வாங்கிக் குடுத்தேன். பத்தாததுக்கு நல்லாத் தெரியட்டும்னு கார்டு வேற மாத்தினேன்."

"பெரியவரே, சம்பந்தமில்லைன்னு சொல்றேன்."

அப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது? உன்னை நான் கட்டிக்கொண்டதால் நம் பையனுக்குக் கண் போகிறது என்றா? பழியை எடுத்துக்கொள்ள வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. அதை வாங்கித் தந்தவரும் அவர்தான். அப்பா அந்தப் பழியை அப்படியே தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஒயர்களைப் பிடுங்கினார். அண்ணன் அழவில்லை. கெஞ்சுகிற குரலில், "ஒரே ஒரு தடவப்பா. கடல் ரோடு மட்டும். ஒரு சுத்து பாத்துட்டுக் குடுத்தர்றேன்" என்றான்.

"இருக்கற கண்ணையாவது காப்பாத்திக்கறேன், உட்ருடா சாமி" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அப்பாதான் அழுதார். மானிட்டரை மடியில் வைத்து மலையேற்றி வந்தவர், மடியில் வைத்தே இறக்கிக்கொண்டு போனார். அம்மாவின் புடவை மட்டும் மேசை மேல் மடித்தபடி கிடந்தது.

என் துக்கம் எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன். அண்ணனுக்கு அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் பார்வை இருந்தது. வரவரச் சுருங்கினாலும், நேரே இருப்பது தெரிந்தது. அந்த வருடங்களில் அவன் எவ்வளவோ பார்த்திருக்கலாம். அவனுக்குப் பிடித்த ஒன்று அந்தத் திரையில்தான் இருந்தது. கண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று அதை மறைத்தோம். டிவி கூடாது, புத்தகம் அதிகம் கூடாது, வெயில் கூடாது. கண் இருந்த காலத்தில் அவன் கண்ணுக்கு ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பத்தியம்.

இன்னொன்றும் உண்டு. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது உரிமைக்கு அத்தை மகனைச் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று அம்மா கேட்டாள். நான் காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, "அப்ப டாக்டர் சொன்னது நெசந்தானா கண்ணு?" என்றாள். டாக்டர் சொன்னது எப்படியோ அவள் காதுக்கும் வந்திருக்கிறது. அத்தனை வருடம் அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத ஒன்று அது. அப்பா வெளியில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் சாகும் வரை வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "நாந்தானுங்க கார்டு வாங்கிக் குடுத்துப் பையன் கண்ணக் கெடுத்துட்டேன்" என்றேதான் சொன்னார். அண்ணன் எத்தனையோ முறை இல்லையென்று சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை.

அண்ணன் இப்போது எங்கள் காட்டில்தான் இருக்கிறான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற போனை வைத்துக்கொண்டு மிளகு விலை முழுக்க விரல் நுனியில் வைத்திருக்கிறான். போன மாதம் சேலத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். என் மகன் மாமனைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தான். கார் விளையாட்டுத்தான். அண்ணன் கார்டைத் தடவிப் பார்த்து, "அம்மாடி, எத்தாப் பெருசு!" என்றான். பிறகு சாவியில் விரலை வைத்துக்கொண்டு, "வா கண்ணு, சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். எடதுல லாரி. சோத்தாங்கைப் பக்கம் சந்து. என் மகன் முதலில் சிரித்தான், பிறகு எங்களைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டான். ஒரு சுற்று முடிந்ததும் கேட்டேன், இத்தனை வருடம் கேட்காததை. "அன்னிக்குக் கார்டு போட்டப்ப உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா அண்ணா? எல்லாமே தெரியுதுன்னயே?"

"ஒண்ணுந் தெரியல. எப்பவும் போல ஒரே கருப்பு. வண்டி எங்க நிக்குதுன்னே தெரியல" என்றான். "ஆனா கதவு தொறந்திருந்துச்சல்ல? அந்தக் கருப்புல, மானிட்டர் கண்ணாடியில அப்பா மூஞ்சி விழுந்துச்சு. அப்பா படத்தப் பாக்கவே இல்ல புள்ள. என்னையேதான் பாத்துட்டு நின்னுச்சு. நான் என்ன சொல்லப் போறேன்னு வாயத் தொறந்துட்டு நின்னுச்சு. அது மட்டும் நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுது. அப்பறம் நான் எப்புடி இல்லைன்னு சொல்றது?"

விரலைச் சாவியிலிருந்து எடுக்காமல், அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தான்.

"கடல் ரோடு இதுல இருக்குதான்னு பையனக் கேளு" என்றான்.